சம்பளமில்லாத அக்கா

பெயர்ப்பலகை மாட்டிய மறுநாள்தான் அவர் முதன்முதலாக எங்கள் நிலத்துக்குள் வந்தார். வேலை கேட்டு வரவில்லை. பலகையில் எழுதியிருப்பது பொய் என்று சொல்ல வந்தார்.

கம்போங் ராஜாவிலிருந்து உள்ளே இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரத்தில், ஓடையை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர். சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட கெபுன்கள், காய்கறித் தோட்டங்கள். அதற்கு மேலே சரிவு முழுக்கத் தேயிலை. நானும் கணவரும் ஈப்போவில் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு, பூச்சிமருந்து இல்லாமல் காய்கறி போடுவது என்ற பிடிவாதத்தோடு மேலே ஏறி வந்திருந்தோம். பலகையில் கணவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'மருந்தில்லா விவசாயம். நூறு வகைப் பயிர், நூறு வகை உயிர்.'

வந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. பழுப்புக் கம்பளிச்சட்டை, தலையில் சுற்றிய துண்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். குடையை மடக்கித் தண்ணீரை உதறிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"இந்த போர்டு யாரு எழுதுனது?"

"நான்தான்கா. நல்லாருக்கா?" என்றார் கணவர்.

"எழுத்து நல்லாருக்கு. நூறுன்னு போட்டுருக்கே, எண்ணுனீங்களா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குக்கா."

"பேச்சுக்குன்னா வாயால பேசணும் லா. பெயிண்டால எழுதக்கூடாது."

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் மழையில் நனைந்து, ஆணி அடித்து, நிமிர்த்தி வைத்த பலகை அது. வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வயதில் மூத்தவர் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். யாரும் கேட்கவில்லை. பாத்தி பாத்தியாகக் குனிந்து எண்ணினார். நான்கு நாள் எண்ணினார். நான்காம் நாள் காலையில் நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்து, மேசை ஓரத்தில் நோட்டைப் பிரித்துவைத்தார்.

"பயிரு நாப்பத்தொண்ணு. புதினா ரெண்டு எடத்துல இருக்கு, ஒண்ணாத்தான் எண்ணுனேன். உயிரு இன்னும் முடியல. ஓடப்பக்கம் நெறைய இருக்கு."

கணவர் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் 'நூறு' இரண்டையும் அழித்துவிட்டு 'பல' என்று எழுதினார். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பல சரி" என்றார். பிறகு கீழே குனிந்து கேரட் பாத்தியில் களை பிடுங்க ஆரம்பித்துவிட்டார். எண்ணும்போதே களையைப் பார்த்துவிட்டாராம். அப்படித்தான் எங்களிடம் வாலண்டியராகச் சேர்ந்தார். மூன்று வருஷம் போகவே இல்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்து தப்பு என்று இப்போது அவர் இருக்கும் ஜொகூரிலிருந்து போன் வரும். எல்லாருக்கும் அவர் அக்காதான்.

எங்களிடம் வரும் மற்ற வாலண்டியர்கள் வேறு மாதிரி. இணையத்தில் பார்த்து வருவார்கள். பினாங்கு, கோலாலம்பூர், சில சமயம் ஜெர்மனி, ஜப்பான். காலை அரைநாள் வேலை செய்வார்கள். நாங்கள் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்போம். மட்கு உரம் போடுவது, விதை எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது, மூங்கில் பிளந்து கூடை பின்னுவது எல்லாம் கற்றுக்கொள்வார்கள். ஓடையோரம் நாங்கள் வெட்டாமல் விட்டிருந்த காட்டுப்பகுதியில் உட்கார்ந்து பறவை பார்ப்பார்கள். போகும்போது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எதைக் காட்டினாலும் அருமை என்பார்கள். அந்த 'அருமை'க்கு நான் கொஞ்சம் பழகிவிட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா எட்டு மணிக்குக் காய்கறி லோரி ஏதாவது ஒன்றில் தொற்றிக்கொண்டு வருவார். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்களிடம் வருவதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் தேயிலை ஃபேக்டரியில், தூளுக்குள் கிடக்கும் குச்சியையும் நாரையும் பொறுக்கி எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவர். மெஷின் வந்ததும் அனுப்பிவிட்டார்கள். கண் மட்டும் மேசையிலேயே இருந்தது. ஒரு பாத்தியில் எண்பது நாற்று நன்றாக நின்றால் அது அவருக்குத் தெரியாது. எண்பத்தோராவது வாடியிருந்தால் அங்கேதான் பார்வை போய் நிற்கும். பார்த்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஏன்கா இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பாத்துட்டேனேம்மா, என்னா செய்யறது."

மட்கு உரக் குழியில் ஈரம் ஜாஸ்தி. பூண்டு மிளகாய்க் கரைசலை வடிகட்டாமல் தெளித்திருக்கிறீர்கள். சாம்பாரில் உப்பு இல்லை. ஒருநாள் பசியாறும்போது, "தம்பி, நீங்க தங்கச்சிகிட்ட பேசறப்ப அவ மூஞ்சிய பாக்கறதே இல்ல. தட்டப் பாத்தே பேசறீங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கணவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துப் பேசினார். எங்கள் இருவருக்கும் அது பெரிய அவஸ்தையாக இருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெளியாட்கள் முன்னாலும் வாய் நிற்காது என்பதுதான் தொல்லை.

கூடைக்காரம்மாவின் விஷயத்தைச் சொல்கிறேன். ரிங்லெட் பக்கத்து ஓராங் அஸ்லிப் பழங்குடிக் கம்போங்கிலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை வந்து வாலண்டியர்களுக்கு மூங்கில் பின்னக் கற்றுக்கொடுப்பார். வரும்போது தான் பின்னிய கூடைகளையும் கொண்டுவந்து நிலத்து வாசலில் நாங்கள் போட்டிருந்த சின்னக் கடையில் வைத்துவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த வீட்டம்மா ஒரு கூடையைக் கையில் எடுத்து, "இதெல்லாம் இங்கயே நீங்க பின்றதா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. தலை ஆடியது, அவ்வளவுதான்.

பின்னால் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இல்லம்மா. இது இங்க பின்னுனது இல்ல. பின்னுறவங்க ரிங்லெட்கிட்ட இருக்காங்க. இங்க பசங்க பின்னுனது அதோ, கோழி உக்காந்துருக்கு பாருங்க, அது."

கோழி உட்கார்ந்திருந்த கூடை ஒருபக்கம் சப்பையாகச் சரிந்திருந்தது. குடும்பமே சிரித்தது. வழி கேட்டுக்கொண்டு நேராக ரிங்லெட்டுக்குப் போய் அந்த அம்மாவிடமே கூடைகள் வாங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது அக்காவுக்கு மட்டும் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பினாங்குப் பெண்ணின் கதை அதைவிட மோசம். இருபது வயதுப் பெண். ஒரு மாதம் இருப்பதாக வந்தாள். தினமும் போனில் படம் எடுத்து, மண்ணோடு தான் வாழும் வாழ்க்கையைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதுவாள். ஒன்பதாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது தான் எழுதியதை எல்லாருக்கும் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த பீட்ரூட்ட நீ வெதச்சதா போட்டுருக்க. நீ வந்து ஒம்போது நாளு. இது ரெண்டு மாசத்துப் பயிரு. வெதச்சது நானு."

குரலில் கோபமில்லை, ஏளனமும் இல்லை. ஈரம் ஜாஸ்தி என்று சொல்லும் அதே குரல். அந்தப் பெண் கண் கலங்கி எழுந்து போனாள். எழுதியதைத் திருத்தினாள். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பீன்ஸ் பறிக்கும் நேரம். எனக்கு ஒரு ஜோடிக் கை போயிற்று.

அன்றுதான் முதன்முறையாக நான் அவரை நிறுத்தப் பார்த்தேன். பீன்ஸ் பந்தலுக்குக் கீழே நின்று, மனதுக்குள் மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க. நாளைலருந்து வர வேணாம்."

அவர் பறிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்?"

"நீங்க பேசறதால ஆளுங்க போயிடறாங்கக்கா."

"பேக்டரில இருவத்தெட்டு வருசம் நான் வாயத் தொறக்கல, தெரியுமா" என்றார். "எதப் பாத்தாலும் பேசாம இருப்பேன். ஒரு சொல்லு சொன்னா அடுத்த நாளு வேற ஆள உக்கார வச்சிருவாங்க. புள்ளைங்க படிக்குது, வீட்டுக்காரரு படுத்துட்டாரு, நான் என்னாத்த பேசறது. இங்கதான் சம்பளமே இல்லயே. சும்மா வேல செய்யறவள நீ எப்படி நிறுத்துவ?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு வந்தார். வந்ததும், பீன்ஸைக் கடைசிப் பந்தலில் முற்றவிட்டுவிட்டாய் என்றார்.

இப்போது நத்தைக்கு வருகிறேன். சொல்ல எனக்கு விருப்பமில்லாத பகுதி இதுதான்.

அது அவர் வந்த மூன்றாவது வருஷம், மழைக்காலம். கணவருடைய அம்மா சிரம்பானில் ஆஸ்பத்திரியில் இருந்தார். இவர் கூட இருக்கப் போயிருந்தார். மழையில் வாலண்டியர்கள் வருவதில்லை. மூன்று வாரமாக விடாத மழை. ஓடையோரக் காட்டிலிருந்து நத்தைகள் மேலே ஏறி வந்தன. சலாட் கீரை நாற்று நட்டேன்; இரண்டு நாளில் தண்டுகூட மிச்சமில்லை. மறுபடி நட்டேன். தின்றுவிட்டன. காலையில் நானும் அக்காவும் வாளியோடு குனிந்து பொறுக்குவோம். ஒரு வாளி நிறையப் பொறுக்கிய இடத்தில் அடுத்த நாள் இன்னொரு வாளி இருக்கும். மூன்றாம் தடவையும் பாத்தி மொட்டையானபோது என் முதுகு நிமிரவில்லை, கை விறைத்துப்போய்விட்டது. ஈப்போவில் இருபத்தாறு குடும்பம் வாரம்தோறும் எங்கள் காய்கறிப் பெட்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியில் போட சௌசௌவும் முள்ளங்கியும் தவிர ஒன்றுமில்லை.

கம்போங் ராஜாவில் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். மருந்து வாங்காத பெண்ணென்று தெரியும். என்ன வேண்டும் என்று கேட்டார். நத்தை மருந்து என்றேன். ஒரு பாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நீல நிறத்தில் அரிசி மாதிரி மணிகள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அக்கா வருவதற்கு முன், நான்காம் தடவையாக நட்டிருந்த சலாட் பாத்தியில் அந்தப் பாக்கெட்டை முழுவதும் தூவினேன். ஒரே ஒரு பாத்தி. ஒரே ஒரு தடவை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு அக்கா வந்தார். நான் கொட்டகையில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக அந்தப் பாத்திக்குத்தான் போனார். நின்றார். குனிந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கொட்டகைக்கு வருவார், பாத்துட்டேனே என்பார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவர் வரவில்லை. வாளி பக்கத்தில் கிடந்த ஒரு காலி மைலோ டின்னை எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டோடு மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு மணியாகப் பொறுக்க ஆரம்பித்தார். விரல் மட்டும் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. தூளில் குச்சி பொறுக்கும் வேகம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோரு மணிவரை மழையில் உட்கார்ந்திருந்தார். சில மணிகள் ஏற்கெனவே கரைந்து மண்ணில் நீலமாகப் பரவியிருந்தன. அந்த இடத்து மண்ணைக் கையால் வழித்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டினார்.

டின்னையும் பையையும் கொட்டகை வாசலில் வைத்தார். கை கழுவினார். சாப்பிடாமல் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷத்தில் அவர் பார்த்ததைச் சொல்லாமல் போன ஒரே நாள் அது. அவர் பேசியபோதெல்லாம் வராத ஒரு பயம் எனக்கு அன்று வந்தது.

மறுநாளும் வந்தார். வேறு பாத்தியில் வேலை செய்தார். தேநீர் குடிக்கும்போதுதான் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"யாருகிட்டக்கா?"

"சாப்புடறவங்ககிட்ட."

எனக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அந்தப் பாத்திலருந்து ஒரு எலகூட யாருக்கும் போகாதுக்கா. நாத்தையெல்லாம் நானே புடுங்கிட்டேன். போகாத கீரைக்கு என்னாத்த சொல்றது? மூணு வாரமா நான் ஒத்தையா கெடந்து சாகறேன், அது ஒங்க கண்ணுல படாது. இது மட்டும் படும். போங்க, நீங்களே போய் சொல்லுங்க. அதான ஒங்க வேல."

அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"கண்ணுல பட்டுச்சு" என்றார். "நீ ஒத்தையா கெடந்தது பட்டுச்சு. அதனாலதான் நேத்து ஒண்ணும் சொல்லல. ஆனா போட்டவங்கதான் சொல்லணும். நான் போடலயே."

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டும் நாள். காலையில் லோரி வந்து எடுத்துக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறக்கிவிடும். வழக்கமாக நானும் அக்காவும் மேசையின் இருபுறமும் நின்று கட்டுவோம். அன்று அவர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. முறைக்கவில்லை. பெட்டியைத் தொடவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டியிலும் நாங்கள் வைக்கும் சின்ன அட்டையில் 'மருந்தில்லா விவசாயம்' என்று அச்சடித்திருக்கும். பதினான்கு பெட்டி வரை வைத்தேன். பதினைந்தாவது அட்டையைக் கையில் எடுத்தபோது என்னால் முடியவில்லை. லோரிக்காரருக்குப் போன் செய்து, இந்த வாரம் பெட்டி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து, இருபத்தாறு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நன்றாக யோசித்து, மூன்று தடவை திருத்தி எழுதினேன். 'தொடர்மழையினால் நத்தைத் தொல்லை அதிகமாகி, ஒரு பாத்தியில் கொஞ்சம் மருந்து போட நேர்ந்தது. அந்தப் பாத்தியின் விளைச்சல் உங்களுக்கு வராது. வருந்துகிறோம்.' அனுப்பிவிட்டு, அழுதும்விட்டு, போனை அக்காவிடம் நீட்டினேன். மனதுக்குள் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன். தலையில் கை வைப்பார், முதுகைத் தட்டுவார், அந்த மாதிரி.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"போட நேந்துச்சுன்னா? யாரு போட்டா?"

"நான்தான்கா."

"அப்ப நான் போட்டேன்னு எழுது லா. தானா நேந்த மாதிரி இருக்கு. அப்பறம் இது என்னா, கொஞ்சம்? பாக்கெட்டு காலியா கெடக்கு."

அந்த நிமிடம் போனை அவர் தலையில் போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். மேசையைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடைவரை போனேன். அங்கே ஒரு பாறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மனிதர்களுக்குப் போதும் என்று ஒன்று இருக்காதா? திரும்பி வந்தபோது அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். பக்கத்தில் எனக்கு ஒரு தேநீர் போட்டு மூடி வைத்திருந்தார்.

மறுபடி எழுதினேன். 'நான் போட்டேன். ஒரு பாக்கெட் முழுவதும் போட்டேன். என் கணவருக்கும் தெரியாது. எங்களிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் பார்த்தார். மருந்தை மண்ணோடு எடுத்ததும் அவர்தான். முதல் செய்தியைத் திருத்தி எழுதச் சொன்னதும் அவர்தான்.' அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆறு குடும்பங்கள் அன்றே நின்றுவிட்டன. ஒருவர் மிகவும் கேவலமாக எழுதினார். சிலர் பதிலே போடவில்லை. சாயங்காலம் ஈப்போவிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். அவருடைய மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தாள். எங்களிடம் பெட்டி வாங்குவதே அந்தப் பெண்ணுக்காகத்தான். இருபத்தாறு பேரில் நான் மிகவும் பயந்தது இந்த ஒருவருக்குத்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் கத்தவில்லை.

"திருத்தி எழுதச் சொன்ன அந்த அக்கா, இன்னும் அங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க டீச்சர்."

"அவங்க இருக்காங்கன்னா அனுப்புங்க."

இதை அக்காவிடம் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைக்கு அடுத்த வாரம் முள்ளங்கி வைக்காத. புழு குத்திருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எங்களிடம் பெட்டி வாங்கும் இருபது குடும்பங்களில் யார் போன் செய்தாலும், அக்கா பார்த்தார்களா என்று கேட்பார்கள். நிலம் எங்களுடையது, உழைப்பு எங்களுடையது, முதுகு என்னுடையது. நம்பிக்கை மட்டும் சம்பளம் வாங்காத ஒரு அம்மாவின் பேரில் நடந்தது. நானும் 'அக்கா பாத்துட்டாங்க' என்று சொல்லப் பழகினேன். பெட்டி கட்டும் நாளில் ஒவ்வொரு பெட்டியாக அவர் குனிந்து பார்ப்பார். ஒன்றிரண்டை வெளியே எடுத்துப் போடுவார். எதை எடுத்தாலும் எனக்குக் கோபம் வரும். எடுத்ததைப் புரட்டிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஓட்டை இருக்கும்.

அடுத்த வருஷம் அவருடைய மகன் ஜொகூர் பாருவில் வீடு வாங்கி, கூட வந்து இருக்கச் சொன்னார். அக்காவின் முழங்காலும் மலை ஏறி இறங்க ஒத்துக்கொள்ளவில்லை. போகும் நாளில் எண்ணிக்கை நோட்டை என் கணவரிடம் கொடுத்தார். உயிர் பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்தது ஏதோ ஒரு பச்சைத் தவளை. பெயர் தெரியாததால் படம் போட்டிருந்தார். நான் அழுதேன். "அழுவறதுன்னா சீக்கிரம் அழுது முடி, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

அவர் போனதும் நிலம் அமைதியானது. அருமை என்று சொல்லும் வாலண்டியர்கள் வந்தார்கள். சாம்பாரைக் குற்றம் சொல்ல ஆளில்லை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை டீச்சர் போன் செய்தார். மகளுக்கு உடம்பு தேறி வருகிறது, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், கீரை இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்றார். போனை வைக்கும் முன், "அக்கா நல்லாருக்காங்கல்ல? அவங்க பாத்துக்கிறாங்கல்ல?" என்று கேட்டார்.

தலை தானாக ஆடியது. போனில் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து சொன்னேன்.

"நல்லாருக்காங்க டீச்சர். ஆனா இங்க இல்ல. மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப பாக்கறதுக்கு நான் மட்டுந்தான்."

டீச்சர், "சரிம்மா. நான் யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. யாரும் பக்கத்தில் உட்காராமல், யாரும் திருத்தாமல், நானாகச் சொல்லியிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஜொகூருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்கா என்றேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வந்து எத்தன மாசமாச்சு?"

"நாலு மாசம்கா."

"அப்ப நாலு மாசம் சொல்லல. அவங்க கேட்ட பெறகுதான சொன்ன."

பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பனி இறங்கித் தேயிலைச் சரிவு பாதி மறைந்திருந்தது.

"மத்த பத்தொம்போது வீடு?" என்றார் அக்கா.

அவர் காதில் விழட்டும் என்றே நன்றாகப் பெருமூச்சு விட்டு, போனை வைத்தேன். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாருமில்லை. சோறு பொங்கி வழிந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனோடு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்: 'அக்கா போய் நான்கு மாதமாகிறது. நான் உங்களிடம் சொல்லவில்லை.'